சோழவரத்துக்குப் போன இரண்டு கார்கள்

பாகூர் கடைத்தெருவில் ரஷீத் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். ‘டாக்சி பாய்’ என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அவனுடைய அத்தா மைதீன் பிச்சை பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் மௌத்தான பிறகு கடை மூத்த மகனுக்குப் போயிற்று. கடைக்குச் சரக்கு ஏற்றிவந்த பழைய மோரிஸ் கார் இளையவன் ரஷீத்துக்கு வந்தது. அவனும் அதைத்தான் கேட்டிருந்தான். தராசைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார அவனுக்கு உடம்பு வணங்காது. பஸ் நிற்கும் இடத்தில் காரைப் போட்டுக்கொண்டான். பிள்ளைப்பேற்றுக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரி போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், வழக்கு என்று கடலூருக்கு அலைகிற மிராசுதாரர்கள் எல்லாருக்கும் அவன்தான் ஆள்.

அந்த மோரிஸ் இன்ஜினில் பாதி உயிர்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டே கன்னியக்கோயில் வளைவில் பஸ்ஸை முந்துவான். பின்னால் உட்கார்ந்தவர்கள் முன்சீட்டைக் கட்டிக்கொண்டு, “பாய், நான் கடலூருக்குப் போவணும், மேலோகத்துக்கு இல்ல” என்று கத்துவார்கள். ஆனால் அவன் சக்கரத்தில் ஒரு கோழி மாட்டியதாகக்கூட யாரும் சொன்னது கிடையாது. வளைவு வரும்போது மற்றவர்களுக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அவனுக்கோ முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் தணிகைவேல். மடுகரைக்காரன், கன்னியக்கோயில் முச்சந்தியில் கீற்றுக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் நடத்தினான். ஒரு மழைநாளில் நிறைமாதப் பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வந்த மோரிஸ், கிருமாம்பாக்கத்தில் நின்றுவிட்டது. அந்த வழியாக சைக்கிளில் வந்த தணிகைவேல் சேற்றில் படுத்து அதைக் கிளப்பிக் கொடுத்தான். அன்று பிடித்த பழக்கம். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் அவன் வீட்டுக்குப் போகும். பொங்கலுக்குக் கரும்புக்கட்டு இவன் வீட்டுக்கு வரும். ரஷீத்தின் மனைவி மெஹர் நிஷா அவனை அண்ணன் என்றாள். அவன் மனைவி சின்னபொண்ணு, மெஹர் நிஷாவிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பாள். ரஷீத்தின் சின்ன மகள் ஆமினா அவன் வந்தால் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டாள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலக யுத்தத்தின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதையில் வருஷா வருஷம் தை, மாசி வாக்கில் கார் பந்தயம் நடக்கும். இருவரும் பஸ் பிடித்துப் போய், வெயிலில் கால்கடுக்க நின்று பார்ப்பார்கள். பாகூர் மிராசுதார் அரங்கநாதனின் டிராக்டர்களுக்குத் தணிகைவேல்தான் வேலை பார்த்தான். அவன் சொல்லக் கேட்டு ஒரு வருஷம் அவரும் அம்பாசடரில் வந்தார். சீமையிலிருந்து வந்த தாழ்வான பந்தயக் கார்கள் வண்டு மாதிரி இரைந்துகொண்டு போகும். அவற்றை ரஷீத் வேடிக்கைதான் பார்த்தான். அவனை உலுக்கியது வேறு. டாக்டர்களும் வக்கீல்களும் ஏறிப்போகிற ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. பம்பரைக் கழற்றி, பின்சீட்டைப் பிடுங்கி, கதவில் நம்பர் எழுதி, அதே கார்கள்.

“டேய், வாரம் பூரா வாடக ஓட்டற வண்டியையே ஒரு நாளு இங்க கொண்டாந்து உட்டா இன்னாடா?”

எந்த வருஷம் அந்தப் பேச்சு வந்தது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. கன்னியக்கோயில் டீக்கடை மேசையில் கண்ணாடி கிளாஸ்களைக் கவிழ்த்து, அவற்றைச் சோழவரத்துத் திருப்பத்தில் வைத்திருக்கும் தார் டிரம்களாக்கி, எங்கே பிரேக், எங்கே கியர் என்று விரலால் ஓட்டிப் பார்ப்பார்கள். ரஷீத் ஓட்டுவது, தணிகைவேல் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது என்று தானாகவே முடிவாகியிருந்தது.

எழுபத்து மூன்றில் மோரிஸ் அடியோடு படுத்துவிட்டது. செலியமேட்டில் தன் பங்குக்கு வந்த வாய்க்கால் ஓர நிலத்தை ரஷீத் விற்றான். விற்ற பணத்துக்கு வேறு கார் வாங்க வேண்டும். அது வயிற்றுக்கும் ஓட வேண்டும், சோழவரத்திலும் ஓட வேண்டும். தேடியதில் இரண்டு வந்தன.

ஒன்று ஹெரால்ட். ரெட்டியார்பாளையத்தில் அந்துவான் என்ற சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்று பெயர். அவர் பிரான்சில் இருக்கும் மகளோடு போய்ச் சேர இருந்தார். அதற்குமுன் காரை விற்றாக வேண்டும். வெளிர்நீலம், இரண்டே கதவு. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக எழும்பும். எழுப்பிவிட்டால் இன்ஜினைச் சுற்றி நடந்துவரலாம். ரஷீத் அதை வில்லியனூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். ஸ்டீயரிங்கை விரலால் தொட்டால் திரும்பியது. மாட்டுவண்டி திருப்பத் திணறுகிற இடத்தில் வட்டமடித்தது. உட்காரும் இடம் அவ்வளவு தாழ்வு, ரோடு மடிக்குக் கீழேயே ஓடியது. வளைவில் வேகமாக விட்டால் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கப் பார்த்தன. அப்போது பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி சுற்றிவிடும். எடுக்காமல் பிடித்தால் நினைத்த கோட்டில் போகும். அவன் காலை எடுக்கவில்லை. இறங்கிய பிறகும் அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். நிக்காஹ் அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை என்று பிறகு மெஹர் நிஷாவிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இன்னொன்று ஃபியட். கடலூரில் ஒரு வக்கீல் வைத்திருந்தது. சாம்பல் நிறம், நான்கு கதவு, ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர். கனத்த வண்டி. நேர் ரோட்டில் போகப் போக வேகம் ஏறும். வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் வழுக்காது. யார் ஓட்டினாலும் ஒழுங்காக ஓடும். ரஷீத்துக்கு அதுதான் குறையாகப் பட்டது.

அன்று மதியம் ரஷீத் வீட்டில் தணிகைவேலையும் சேர்த்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

“ரெண்டு கதவ வெச்சிக்கினு நெறமாச பொம்பளய எப்படிங்க பின்னால ஏத்துவீங்க?” என்றாள் மெஹர் நிஷா.

“முன்சீட்ட மடிச்சா ஏறலாம் தங்கச்சி” என்றான் தணிகைவேல். “ஃபியட்டு வாடகைக்கு நல்ல வண்டிதான், இல்லன்னு சொல்லல. ஆனா சோழவரத்து டிரம்முல திரும்பறதுக்கு ஹெரால்டு மாதிரி வராது. லேசான வண்டி. தட்டிவுட்டா போதும்.”

“அப்ப அதான்” என்றான் ரஷீத். மெஹர் நிஷா ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

ஒரு வாரம் கழித்து, பேசி முடிப்பதற்காக இருவரும் ரெட்டியார்பாளையம் போனார்கள். கடைசியாக ஒருமுறை அடியில் பார்த்துவிடுகிறேன் என்று தணிகைவேல் ஜாக்கி போட்டுக் காருக்குக் கீழே படுத்தான். ரஷீத் வாசலில் அந்துவானோடு நின்றான். அவர் பிரான்சில் விழும் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகைவேல் வெளியே வர நேரமாயிற்று. வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே ரஷீத்தைத் தெருமுனைக்கு அழைத்துப் போனான்.

“வாணாம்டா.”

“இன்னாடா?”

“அடில தாங்கற சேஸிஸ் சட்டம் வெடிச்சி, வெல்டு வெச்சிருக்கான். மேல பெயிண்ட அடிச்சி மூடிக்கீறான். எங்கியோ பலமா அடிபட்ட வண்டி.”

ரஷீத் திரும்பிக் காரைப் பார்த்தான். “கெட்டியா வேற வெல்டு வெச்சிக்கலாமே?”

“வெக்கலாம். சோழவரத்துல நீ ஒருத்தன் போற, போ. நாளைக்கு இதுல மெஹர் நிஷா ஏறும், ஆமினா ஏறும். ஒரு பள்ளத்துல எறங்கி ரெண்டா பூட்டா நான் எப்படிடா உன் மூஞ்சில முழிப்பன்?” தணிகைவேல் அவன் தோளில் கை வைத்தான். “கெழவருகிட்ட இத கேக்காத. அவருக்கே தெரியாம இருக்கும். ஊர உட்டுப் போற நேரத்துல மனசு சங்கடப்படுவாரு.”

ரஷீத் கேட்கவில்லை. வீட்டில் நான்கு கதவு வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லி அந்துவானிடம் விடைபெற்றான். அவர் முகம் வாடியது. “நல்ல வண்டி தம்பி” என்று மட்டும் சொன்னார். இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கும் சமயம் ரஷீத், “நீ பாக்கலன்னா நான் வாங்கியிருப்பன்டா” என்று சொல்லி நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் சொன்னபோது மெஹர் நிஷா கேட்டாள்: “நீங்க குனிஞ்சி பாத்தீங்களா?”

“அவன் பாத்துட்டு சொல்றான். அப்பறம் நான் எதுக்குப் பாக்கணும்?”

ஃபியட் வந்தது. பகலில் அது ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஓடியது. ஒழிந்த நாளில் கன்னியக்கோயில் ஷெட்டில் நின்றது. தணிகைவேல் இன்ஜினை இறக்கி, ஹெட்டை இழைத்து, கார்புரேட்டரை வைத்துக்கொண்டு பொன் நிறுப்பவன் போல உட்கார்ந்திருந்தான். கூலியைப் பற்றிய பேச்சே எழவில்லை. விடியற்காலையில், நெல் காயப்போடுகிறவர்கள் ரோட்டுக்கு வருவதற்கு முன்னால், இருவரும் செலியமேடு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். மெல்ல மெல்ல ரஷீத்துக்கு ஃபியட்டின் மேலும் பிரியம் வந்தது. ஹெரால்டைப் பற்றி அவன் பேசுவதை விட்டான். சென்னையில் மண்ணடியில் இருந்த அவன் மச்சான் ஒருவர் மூலம், புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கான பந்தயத்தில் பெயர் கொடுத்தாயிற்று.

கிளம்புவதற்கு முதல்நாள் தணிகைவேல் வந்தான். முகம் இறுகியிருந்தது.

“மடுகரைல அம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப சரியில்லடா. என்னால வர முடியாது. நீ போ. வண்டில ஒரு கொறையும் கெடையாது.”

ரஷீத் பந்தயத்தை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் சொல்லிப் பார்த்தான். தணிகைவேல் ஒப்பவில்லை. மெஹர் நிஷா, அவன் அம்மா அமிர்தம்மாளுக்குத் துஆ செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

சோழவரத்தில், ஓடப்போகிற கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தார்கள். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் பார்ப்பார்கள். ஜாக்கியில் தூக்கி அடியிலும் பார்ப்பார்கள். ரஷீத் ஃபியட்டை வரிசையில் விட்டுவிட்டு இறங்கினான். அவனுக்கு முன்னால் ஒரு சிவப்பு ஹெரால்ட் நின்றது. பெயிண்டு புதிது. ஆனால் நம்பர் பலகை அவனுக்கு மனப்பாடம். ஆசைப்பட்ட காரின் நம்பரை யார் மறப்பார்கள்? அந்துவானின் கார்.

ஐயோ பாவம், அடிபட்ட வண்டியை யார் தலையிலோ கட்டிவிட்டார்கள் என்பதுதான் அவன் மனதில் முதலில் ஓடியது. சொல்லிவிட வேண்டும், இது ரெண்டாகப் பிளக்கும் என்று ஓட்டப்போகிறவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டடி முன்னால் போனான். அதற்குள் காரைத் தூக்கிவிட்டார்கள். பரிசோதிக்கிறவர் டார்ச் அடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ரஷீத்தும் மண்ணில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தான். அடியில் பெயிண்டு அடிக்கவில்லை. பழைய கறுப்பு அப்படியே இருந்தது. இரண்டு நீளச் சட்டங்களும் ஒரு கீறல் இல்லாமல் போயின. வெல்டு வைத்த தழும்பு எங்கும் இல்லை.

“சேஸிஸ் க்ளீன். இறக்கு” என்றார் பரிசோதகர்.

ரஷீத் எழுந்தபோது காருக்கு அந்தப் பக்கம் அரங்கநாதன் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். “அட, பாயா! நீயும் வந்துட்டியா? தணிகைவேல் சொல்லவே இல்லியே” என்று மனம்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில், கையில் ஹெல்மெட்டோடு தணிகைவேல் நின்றான்.

அவன் கீழே பார்க்கவில்லை. நேராகவே பார்த்தான். பின்னாலிருந்து யாரோ, “ஃபியட் யாருது, முன்னால எடு” என்று கத்தினார்கள். ரஷீத் போய்க் காரை முன்னால் எடுத்தான்.

மதியம் இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடினார்கள். கொடி விழுந்ததும் ஃபியட் பாய்ந்தது. நேர்பாதையில் அவன் மூன்று நான்கு பேரைத் தாண்டினான். இன்ஜின் ஒரு துளி பிசகாமல் பாடியது. ஒவ்வொரு கியரிலும் தணிகைவேலின் கை தெரிந்தது. எங்கேயாவது இடறும், எதையாவது தளர்த்தி வைத்திருப்பான் என்று ரஷீத் காத்துக்கொண்டே ஓட்டினான். எதுவும் இடறவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சிவப்பு ஹெரால்ட் அவனுக்கு முன்னால் போயிற்று. டிரம் திருப்பத்தில் அது வெளியே ஒதுங்கி, உள்ளே புகுந்து, பின்சக்கரம் மடங்கும்போதும் காலை எடுக்காமல் போனது. டீக்கடை மேசையில் இருவரும் விரலால் ஓட்டிய அதே கோடு.

மற்றவர்களுக்கெல்லாம் ஓரத்தில் ஓர் ஆள் நின்று, இன்னும் எத்தனை சுற்று என்று பலகையில் எழுதிக் காட்டினான். ரஷீத்துக்கு யாரும் இல்லை. அவன் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டான். முடிவுக் கொடி ஆட்டியதை அவன் பார்க்கவே இல்லை. மற்ற கார்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கின. அவற்றைத் தாண்டிவிட்டதாக நினைத்து இன்னும் அழுத்தினான். காலியான பாதையில் ஃபியட் ஒற்றையாக முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்றியது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொடிக்காரர்கள் இருவர் குறுக்கே ஓடிவந்து கையை ஆட்டிய பிறகுதான், அவர்கள் சிரிப்பது தெரிந்தது.

தணிகைவேல் மூன்றாவதாக வந்திருந்தான். ரஷீத் பம்பரை ஒழுங்காக மாட்டக்கூட நிற்கவில்லை. கயிற்றால் கூரையில் கட்டிக்கொண்டு அப்போதே ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

அன்று ஊரிலும் ஒன்று நடந்திருந்தது. நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று மெஹர் நிஷா ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு, ஆமினாவைக் கையில் பிடித்துக்கொண்டு மடுகரைக்குப் பஸ் ஏறினாள். தணிகைவேல் வீட்டுத் தெருவில், தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தவளே அமிர்தம்மாள்தான்.

“வாடி மருமவளே, இன்னா திடீர்னு?”

“ஒங்களுக்கு ஒடம்பு முடியலன்னு…”

“எனக்கா? எனக்கு இன்னாடி கேடு? எவன் சொன்னான்?” கட்டை இறக்கிப் போட்டாள். “என் மவன் பட்டணத்துல காரு பந்தயம் ஓட்டப் போயிக்கீறான்ல. மிராசுதாரு காரு. உன் வூட்டுக்காரன் சொல்லலியா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போயிருப்பானுங்க?”

மெஹர் நிஷா ஆமாம் என்று தலையாட்டினாள். பழத்தையும் பாட்டிலையும் கொடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். கணவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வந்து, காரிலிருந்து இறங்காமல் ஸ்டீயரிங்கில் தலை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், சொல்ல வேண்டியது இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

அவன் சேஸிஸ் விஷயம் சொன்னான். அவள் மடுகரை விஷயம் சொன்னாள். இரண்டையும் வைத்துப் பார்க்கையில் அவனுக்குக் கார் போனதைவிடச் சொன்ன பொய்கள் அதிகம் வலித்தன. தாயை நோயாளி ஆக்கி ஒரு பொய். ஆமினாவைப் பிணமாக்கிக் காட்டி ஒரு பொய்.

“அந்த வண்டிக்கு வெல்டுன்னு நீங்க வந்து சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்திச்சிங்க” என்றாள் மெஹர் நிஷா. “அண்ணன் நம்ம மேல எவ்ளோ பாசமா இருக்குன்னு நெனச்சன். அத நெனச்சாதான் இப்ப எரியுது.”

சில நாள் ரஷீத் கன்னியக்கோயில் பக்கமே போகவில்லை. கடலூர் சவாரி வந்தால் சுற்றிக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள் காலையில் நேராக ஷெட்டுக்குப் போய் நிறுத்தினான். தணிகைவேல் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, அடிக்க வந்தியா?”

“இல்ல. கேக்க வந்தன்.”

தணிகைவேல் கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்தான். “நாம அந்த ஹெரால்ட பேசி முடிக்கப் போறதுக்கு முந்தி அரங்கநாதன் வந்து, பந்தயத்துக்கு நல்ல வண்டியா ஒண்ணு பாரு, நான் வாங்கி சென்னைல போட்டு வெக்கறன், நீயே ஓட்டுன்னாரு. என் ஜென்மத்துல யாரும் என்ன அப்படி கேட்டதில்லடா. நீ உள்பட.”

“நான் இன்னா கேக்கல?”

“எத்தினி வருசம் சோழவரம் போயிருப்போம்? ஒரு வாட்டியாவது ‘நீ ஓட்டறியாடா’ன்னு கேட்டியா? ‘நான் ஓட்டறன், நீ இன்ஜின பாத்துக்கோ.’ அத சொன்னது யாரு? நீதான்.”

ரஷீத் யோசித்துப் பார்த்தான். சொன்னது யார் என்பது அவனுக்கு நினைவில்லை. ஆனால் கேட்டதில்லை என்பது நிஜம். அந்த நினைப்பே அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

“கேக்கல. தப்புதான். நீ வாய தொறந்து சொல்லியிருந்தா நீயே ஓட்டுடான்னு குடுத்துட்டு, நான் ஓரமா நின்னு பலகைய காட்டியிருப்பன்.”

“காட்டியிருக்க மாட்ட.”

ரோட்டில் போன கரும்பு லாரி மறையும்வரை ரஷீத் அதையே பார்த்தான்.

“சரி. காட்டியிருக்க மாட்டன். சண்ட போட்டிருப்பன். உன் சட்டையக்கூட புடிச்சிருப்பன். ஆனா சின்னபொண்ணு செத்துடும், உன் புள்ள செத்துடும்னு சொல்லி ஒரு வண்டிய உன் கையிலேர்ந்து புடுங்கியிருக்க மாட்டன்டா.”

தணிகைவேலின் முகம் அப்போதுதான் மாறியது. “அங்க எப்படியும் பாத்துடுவன்னு தெரியும், முன்னாடியே சொல்லத்தான் தைரியம் வரல. ஃபியட்டுல நான் ஒரு கொறை வெக்கலடா. ஓட்டிப் பாத்த இல்ல? எம் மனசறிஞ்சு செஞ்ச வேல.”

“தெரியும். ஏதாவது கோளாறு பண்ணியிருந்தா, எதிரின்னு நெனச்சிக்கினு போயிருப்பன். நீ ராப்பகலா என் வண்டிக்கு ஒழச்சிக்கினே என்ன ஏமாத்தியிருக்க. உன்ன நான் இன்னான்னு நெனக்கறது?”

ரஷீத் காரில் ஏறிப் போய்விட்டான். இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

ரஷீத் மறுபடி சோழவரம் போகவில்லை. அரங்கநாதனுக்கும் இரண்டு வருஷத்தில் அந்த ஆசை தீர்ந்தது. ஹெரால்டை விழுப்புரத்துப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார். தணிகைவேல் பழையபடி டிராக்டருக்கு அடியில் படுத்தான். ஃபியட் வாடகைக்கு நன்றாக ஓடியது. நிறைமாதப் பெண்கள் பின்கதவைத் திறந்து சிரமமில்லாமல் ஏறினார்கள். “அந்த ரெண்டு கதவு வண்டிய வாங்காதது உன் அதிர்ஷ்டம் பாய்” என்று விஷயம் தெரியாதவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கணக்குப் பார்த்தால் ஃபியட்டே அவனுக்கு ஏற்ற வண்டி. ஆனால் அப்படி யாராவது சொல்லும்போதெல்லாம் அவனுக்குக் கோபம் வந்தது. அது அவன் தேர்ந்தெடுத்த கார் இல்லை. அவனுக்காக இன்னொருவன் பொய் சொல்லித் தேர்ந்தெடுத்தது.

அவன் குணமும் மாறிப்போயிற்று. பங்க்கில் பெட்ரோல் போட்டால் இறங்கி அளவைப் பார்ப்பான். அண்ணன் கொடுத்த அரிசி மூட்டையை அவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பான். அதில் அண்ணன்தம்பிக்குள் மனக்கசப்பு வந்தது. யாராவது அக்கறையாக ஒரு வார்த்தை சொன்னால், இவன் என்னிடம் எதை எடுக்கப் பார்க்கிறான் என்று முதலில் யோசித்தான். பழைய வேகம் மட்டும் கையில் இருந்தது. ஆனால் வளைவில் அந்தச் சிரிப்பைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பெண்கள் இருவரும் உறவை விடவில்லை. மெஹர் நிஷாவும் சின்னபொண்ணும் பாகூர் சந்தையில் பார்த்தால் பேசிக்கொண்டார்கள். கணவன்மார் பேச்சை எடுப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு.

எண்பத்தாறில் ஆமினாவுக்கு நிக்காஹ் நடந்தது. சின்னபொண்ணு புடவை, பழத்தட்டோடு வந்தாள். தணிகைவேல் அவளைப் பந்தல் வாசலில் விட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். தலை பாதி நரைத்திருந்தது. பந்திக்கு இலை போடும்போது மெஹர் நிஷா ரஷீத்திடம் வந்தாள்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கறாருங்க. ஆமினாவ தோளுல தூக்கின மனுசன்.”

ரஷீத் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நீ போய்க் கூப்புடு. சாப்புடட்டும். என்கிட்ட பேசச் சொல்லாத.”

தணிகைவேல் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அந்த வரிசைக்குப் பிரியாணி பரிமாறியது ரஷீத். வாளியை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒவ்வோர் இலையாக வைத்துக்கொண்டு வந்தான். தணிகைவேலின் இலையிலும், மற்றவர்களுக்கு வைத்த அளவு, கறித்துண்டோடு வைத்தான்.

“போதும்டா” என்றான் தணிகைவேல், மெதுவாக.

ரஷீத் அடுத்த இலைக்குப் போனான்.